விளக்கில் வாசற்படி தெரிய வேண்டும்: பி.பி.ஆர். ரெண்டரிங் பழகத் தொடங்குபவர்களுக்கு

அப்பா நாச்சியார்கோயிலில் முப்பது வருஷம் கடைசல் வேலை பார்த்தவர். வார்ப்பிலிருந்து கரடுமுரடாக வரும் விளக்குத் தண்டை லேத்தில் பூட்டி, உளி பிடித்து, வளையம் வளையமாகக் கடைந்து, மெருகேற்றி அனுப்புவது அவர் வேலை. நான் அதே விளக்கைக் கம்ப்யூட்டரில் செய்கிறேன். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகள் சிலவற்றுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து கொடுப்பது என் தொழில். புது மாதிரி விளக்கு ஒன்றை வார்ப்பதற்கு முன்பே வாங்குபவர் கண்ணில் காட்ட ஒரு படம் வேண்டும் அல்லவா, அதைச் செய்பவள் நான்.

நான் முதலில் செய்த விளக்கை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “வடிவம் சரியா இருக்கும்மா. ஆனா இது பித்தளை இல்லையே. நல்லா தேச்ச வெளக்குன்னா அதுல வாசப்படி தெரியணும்” என்றார்.

நான் செய்திருந்தது இதுதான். விளக்குக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, மேலே வெள்ளையாக ஒரு மினுமினுப்பு வைத்திருந்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் வாளிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் பிசிக்கலி பேஸ்டு ரெண்டரிங், அதாவது ஒளி நிஜத்தில் நடந்துகொள்ளும் விதத்தை ஒட்டிப் படம் உருவாக்கும் பி.பி.ஆர். முறை, எனக்குப் புரிந்தது. மாலையில் என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கும் இந்த வழியில்தான் சொல்லித் தருகிறேன்: பொருளுக்கு நிறம் பூசாதீர்கள். அது எதனால் ஆனது, எவ்வளவு வழவழப்பு, எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள். மிச்சத்தை எஞ்சின் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

எஞ்சின் என்ன செய்கிறது

ரெண்டர் எஞ்சின் என்பது ஒளி எங்கே போய் எங்கே முட்டித் திரும்புகிறது என்று கணக்குப் போடும் நிரல். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சைக்கிள்ஸ் என்ற எஞ்சின் இருக்கிறது. பிளெண்டர் இலவசம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். சைக்கிள்ஸ் கேமராவிலிருந்து பின்னோக்கி ஒளிக்கதிரை அனுப்புகிறது. கதிர் விளக்கில் பட்டு, சுவரில் பட்டு, தரையில் பட்டு, கடைசியில் ஏதோ ஓர் ஒளிமூலத்தைச் சேர்கிறது. போகிற வழியில் பட்ட ஒவ்வொரு பொருளின் குணத்தையும் அது சுமந்துகொண்டு போகிறது. நாற்றங்கால் வரப்பில் வெள்ளை வேட்டியோடு நிற்பவரின் வேட்டி ஓரம் லேசாகப் பச்சையாகத் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? பயிரில் பட்ட வெயில் வேட்டிக்குத் தாவுகிறது. சைக்கிள்ஸில் அந்தப் பச்சை தானாகவே வரும், நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை ஒரே சமன்பாடாக 1986-இல் எழுதிக் காட்டியவர் ஜேம்ஸ் கஜியா. ஆனால் கலைஞர்கள் கைக்கு எளிதாக அது வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆனது. 2012-இல் டிஸ்னி ஸ்டுடியோவின் பிரெண்ட் பர்லி, ஒரு பொருளின் குணத்தைச் சில எளிய அளவுகளில் அடக்கும் ஒரு முறையை வெளியிட்டார். பிளெண்டரில் 2017 முதல் இருக்கும் பிரின்சிபிள்ட் பி.எஸ்.டி.எஃப்., அதாவது பொருளின் குணங்களை எல்லாம் ஒரே இடத்தில் கொடுக்கும் பெட்டி, அந்த வழியில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் நிறம் தனி, மினுமினுப்பு தனி என்று கையால் இட்டு நிரப்புவோம். பகல் வெளிச்சத்தில் நன்றாக இருக்கும் பொருளை ராத்திரிக் காட்சிக்கு மாற்றினால் எல்லாம் கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். பி.பி.ஆர்.-இல் ஒருமுறை சரியாகச் செய்த பித்தளை எந்த வெளிச்சத்திலும் பித்தளையாகவே நிற்கும். இந்த ஒன்றுக்காகவே இதைப் பழகலாம்.

ஈவீ என்று இன்னொரு எஞ்சினும் பிளெண்டரில் உண்டு. சட்டென்று படம் காட்டும். ஆனால் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் பொருட்கள் அதில் தாமாகப் பிரதிபலிப்பதில்லை. அதற்கென்று தனியாக, சுற்றுப்புறத்தைப் பதிந்து வைக்கும் லைட் புரோப் வைக்க வேண்டும். விளக்கில் வாசற்படி தெரிய வேண்டுமென்றால் தொடக்கத்தில் சைக்கிள்ஸ்தான் நல்லது.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்

சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் ஒரு வரப்பில் போய் நில்லுங்கள். காலடியில் பார்த்தால் தண்ணீருக்குள் சேறு தெரியும், நாற்றின் வேர்ப்பக்கம் தெரியும். தலையை மெல்ல நிமிர்த்திக்கொண்டே போங்கள். தூரத்தில் அதே தண்ணீரில் சேறு தெரியாது, வானம் மட்டும் தெரியும். தண்ணீர் மாறவில்லை, நீங்கள் பார்க்கும் கோணம் மாறியது. நேர்மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து பார்த்தால் ஏறக்குறைய 6 சதவீதம். 80 டிகிரிக்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதற்கு ஃப்ரெனெல் விளைவு என்று பெயர், ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் வந்தது. தண்ணீருக்கு மட்டும் இல்லை, மேசை, செங்கல், பழம், தோல் என்று எல்லாவற்றுக்கும் இது உண்டு. சாய்ந்த கோணத்தில் எல்லாமே கொஞ்சம் கண்ணாடியாகிறது. பி.பி.ஆர். எஞ்சின் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, ஐ.ஓ.ஆர். என்ற ஒளிவிலகல் எண்ணைப் பெரும்பாலான பொருட்களுக்கு 1.5 என்று விட்டுவிடுவதும், தண்ணீர் என்றால் 1.33 என்று மாற்றுவதும்தான்.

இரண்டாவது பாடத்தை ஒரு குளக்கரையில் படியுங்கள். நான் மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து படித்தேன். இருட்டியபின் காற்றில்லாத வேளையில், கரையில் எரியும் மின்விளக்கு தண்ணீரில் அப்படியே கூர்மையாகத் தெரியும். லேசாகக் காற்று வீசட்டும். அந்த விளக்கின் பிம்பம் உடைந்து, அகலமாகி, நீளமாக நெளியும். அகலமாகும்போது அதன் பிரகாசம் குறைவதையும் பாருங்கள். விளக்கு அதே விளக்குதான். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு குட்டிக் கண்ணாடி போல ஒளியை வெவ்வேறு பக்கம் திருப்பிவிடுகிறது.

ரஃப்னெஸ் என்பது இதுதான். பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இப்படிப்பட்ட அலைகள் இருக்கின்றன. ரஃப்னெஸ் 0 என்றால் காற்றில்லாத குளம். அதை ஏற்ற ஏற்ற மினுமினுப்பு பரவும், பரவும்போது மங்கும். வந்த ஒளியை விட அதிகமாகத் திரும்பிப் போகக் கூடாது என்பது பி.பி.ஆர்.-இன் அடிப்படை விதி. பழைய முறையில் மினுமினுப்பைப் பெரிதாக்கி, அதே சமயம் பிரகாசத்தையும் ஏற்றிவிட முடியும். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் மெழுகு பூசின மாதிரி இருந்தன.

விளக்கைக் கடைதல்

சரி, இப்போது பிளெண்டரைத் திறங்கள். இரண்டடி விளக்கு என்றால் 60 சென்டிமீட்டர். அந்த உண்மையான அளவிலேயே செய்யுங்கள். அளவு தவறினால் ஒளி பொருளுக்குள் ஊடுருவும் ஆழம், விளக்கொளியின் வலிமை, கேமராவின் மங்கல் எல்லாம் தவறும். பொருளைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ இருந்தால் கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள்.

வடிவத்துக்கு வழி எளிது. முன்பக்கத்திலிருந்து பார்த்து, விளக்கின் பாதி ஓரக்கோட்டை மட்டும் வரையுங்கள்: அடிப்பீடம், தண்டில் வரும் வளையங்கள், எண்ணெய்த் தட்டு. நடு அச்சு பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ மாடிஃபையரைப் போட்டு, கோணம் 360, ஸ்க்ரூ அளவு 0, அச்சு இசட் என்று வையுங்கள். கோடு சுழன்று விளக்காகிவிடும். அப்பா இதைப் பார்த்ததும் ஒரு விளக்கமும் கேட்கவில்லை, லேத்தில் நடப்பதும் இதேதான். உச்சியில் உட்காரும் அன்னத்தை மட்டும் தனியாகச் செய்து வைக்க வேண்டும்.

அப்பா அப்போது சொன்ன இன்னொரு விஷயம் என் வேலையை மாற்றியது. கடைசலில் கூர்முனை விடமாட்டார்களாம். தேய்ப்பவர் கையைக் கிழிக்கும் என்று ஒவ்வொரு விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுவார்கள். நிஜப் பொருள் எதிலும் கத்தி போன்ற விளிம்பு கிடையாது. அந்த மழுங்கிய விளிம்பில்தான் ஒளி ஒரு மெல்லிய கோடாக விழும். ஆகவே பெவெல் மாடிஃபையர் போட்டு 1 மில்லிமீட்டர் அளவாவது மழுக்குங்கள். பெவெல் இல்லாத பொருளுக்கு எவ்வளவு நல்ல மெட்டீரியல் கொடுத்தாலும் அது கம்ப்யூட்டரில் செய்தது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

மெட்டீரியலில் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: இது உலோகமா, இல்லையா? மெட்டாலிக் என்ற அளவு 0 அல்லது 1. நடுவில் எதையும் வைக்காதீர்கள். பாதி உலோகம் என்று உலகத்தில் ஒன்று இல்லை. உலோகம் அல்லாத பொருளில் கொஞ்சம் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், மிச்சம் உள்ளே போய் அலைந்து நிறம் ஏறி வெளியே வரும். அந்த மேற்பரப்பு மினுமினுப்புக்கு நிறம் இருக்காது, வெள்ளை விளக்கு வெள்ளையாகவே தெரியும். உலோகத்துக்குள் புகும் ஒளி அங்கேயே அழிந்துவிடும். அதனால் உலோகத்துக்கு மேற்பரப்புப் பிரதிபலிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை, அந்தப் பிரதிபலிப்புக்கே நிறம் உண்டு. மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஜன்னல் வெள்ளையாகத் தெரியும், பித்தளையில் ஜன்னலே மஞ்சளாகத் தெரியும். என் முதல் விளக்கு பிளாஸ்டிக் ஆனதற்குக் காரணம் இதுதான், மெட்டாலிக்கை 0-வில் விட்டிருந்தேன்.

நிறத்துக்கு வருவோம். தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. பிளெண்டரின் ஆர்.ஜி.பி. பெட்டிகளில், லீனியர் அளவில், சிவப்பு 0.91, பச்சை 0.78, நீலம் 0.42 என்று தொடங்குங்கள். செம்புக்கு 0.95, 0.64, 0.54. வெள்ளிக்கு 0.95, 0.93, 0.88. பெட்டியில் பார்க்கும்போது இந்த நிறங்கள் வெளிறித் தெரியும். பயந்து அடர்த்தியாக்கிவிடாதீர்கள். பித்தளையின் அடர்ந்த நிறம் நம் நினைவில் இருப்பது. அது சுற்றியுள்ள இருட்டையும் பிரதிபலிப்பதால் அப்படித் தெரிகிறது, உலோகத்தின் சொந்த அளவு உண்மையிலேயே வெளிச்சமானது. உலோகம் அல்லாத பொருட்களுக்கும் ஓர் எல்லை உண்டு. கரி 0.04-க்கு அருகில், நல்ல சுண்ணாம்புச் சுவர் 0.8-க்கு அருகில். முழுக் கறுப்பு 0-வும் முழு வெள்ளை 1-உம் பேஸ் கலரில் போடாதீர்கள்.

ரஃப்னெஸ்: கடையிலிருந்து வந்த புது விளக்குக்கு 0.1 முதல் 0.15. வீட்டில் புளி போட்டுத் தேய்த்த விளக்குக்கு 0.3 வரை.

விளக்கு கறுத்துப்போனால்

இதெல்லாம் செய்து ரெண்டர் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலோருக்கு விளக்கு கறுப்பாக வரும். எனக்கும் வந்தது. எங்கோ கணக்குத் தப்பிவிட்டது என்று அன்று முழுக்க அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அளவில் தவறு எதுவும் இல்லை. என் காட்சியில் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன லைட்டும் சாம்பல் நிற வெளியும் தவிர வேறு ஒன்றுமே இல்லை. பிரதிபலிக்க எதுவும் இல்லாத இடத்தில் உலோகம் எதைக் காட்டும்?

நிஜ விளக்கை எடுத்து எங்கள் வீட்டு முற்றத்தோரம் வைத்துப் பார்த்தேன். எண்ணெய்த் தட்டின் மேல் விளிம்பில் முற்றத்து வானம் சின்ன வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது. தண்டின் வலப்பக்கம் நெடுக வாசல் கதவின் வெளிச்சம் ஒரு நீளக் கோடு. இடப்பக்கம் கூடத்து இருட்டு, கிட்டத்தட்டக் கறுப்பு. பீடத்தில் காவித் தரையின் சிவப்பு. நடுவில் வளைந்து, குட்டியாக, குனிந்து பார்க்கும் என் முகம். பித்தளையின் மஞ்சள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, இத்தனையும் சேர்ந்த ஒரு வீடு.

ஆகவே விளக்கைச் சுற்றி ஒரு வீடு கட்டுங்கள். நேர்த்தியாக வேண்டாம், பெட்டிகள் போதும். ஒரு காவித் தரை, இரண்டு சுண்ணாம்புச் சுவர், மேலே ஓட்டுக்கூரையும் அதில் முற்றத்துக்கு ஒரு திறப்பும், ஒரு பக்கம் வாசல். வெளி வெளிச்சத்துக்கு எச்.டி.ஆர்.ஐ. படம் ஒன்றைப் பாலி ஹேவன் (Poly Haven) தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளவை எல்லாம் சி.சி.0 உரிமத்தில் இலவசம், விற்கும் படத்துக்கும் பயன்படுத்தலாம். வேர்ல்ட் பகுதியில் என்விரான்மென்ட் டெக்ஸ்சராக அதைக் கோத்துவிட்டால் வானமும் வெயிலும் அதிலிருந்தே வரும். எச்.டி.ஆர்.ஐ.யின் சிறப்பு, அதில் சூரியன் வெறும் வெள்ளைப் புள்ளி அல்ல, சுவரை விடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாகப் பதிவாகியிருக்கும். சாதாரண போட்டோவைப் போட்டால் அந்த வலிமை வராது, நிழல்கள் சோகையாக இருக்கும்.

விற்பனைப் படத்துக்கு வேறு வழி. இங்கே ஒரு போட்டோகிராபர் பாத்திரங்களைப் படம் எடுக்கும்போது சுற்றிலும் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டு, அதற்குப் பின்னால் விளக்கைப் போடுவார். பாத்திரத்தில் வேட்டியின் வெண்மை மட்டும் விழும், கடையின் குப்பை விழாது. அதையே ஏரியா லைட்டால் செய்யலாம். விளக்கு உயரத்துக்கு இரு மடங்கு நீளமான ஏரியா லைட் ஒன்றை இடப்பக்கம் நிறுத்துங்கள், தண்டு நெடுகச் சுத்தமான கோடு விழும். வலப்பக்கம் இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. பிறகு இரண்டுக்கும் நடுவே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்திப் பாருங்கள். தண்டின் உருட்சி சட்டென்று எழும்பும். வெளிச்சம் மட்டுமே சூழ்ந்த உலோகம் தட்டையாகத்தான் தெரியும், இருட்டும் அதில் விழ வேண்டும். மெட்டீரியல் அளவுகளோடு போராடுவதில் பாதி நேரத்தைப் பிள்ளைகள் இங்கே செலவழித்தால் எவ்வளவோ நல்லது.

கை படாத இடங்கள்

புது விளக்குக்கு இதுவரை செய்தது போதும். பூஜை அறையில் பத்து வருஷம் இருந்த விளக்கு வேண்டுமென்றால் இன்னும் வேலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

வெள்ளிக்கிழமை தேய்த்த விளக்கைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். வளையங்களின் மேடான பகுதி பளபளக்கும், புளியும் விரலும் நன்றாகப் பட்ட இடம் அது. இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விரல் போகாது. அங்கே பழுப்பு, இன்னும் உள்ளே பச்சையாகக் களிம்பு. எண்ணெய்த் தட்டில் நல்லெண்ணெய் வழிந்த தடம். திரி வைக்கும் மூக்கில் கரி. பீடத்தில் சந்தனமும் குங்குமமும்.

இதில் உலோகம் எது என்று மறுபடி கேளுங்கள். களிம்பு உலோகம் அல்ல, மெட்டாலிக் 0. கரி, குங்குமம், சந்தனம் எல்லாம் 0. மெட்டாலிக் மேப் என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இதற்குத்தான்: பித்தளை வெள்ளை, களிம்பும் கரியும் கறுப்பு. எண்ணெய் வழிந்த இடத்தில் கதை வேறு. அடியில் பித்தளை பித்தளையாகவே இருக்கிறது, மேலே ஒரு வழவழப்பான படலம். பிரின்சிபிள்டில் கோட் என்ற பகுதி இருக்கிறது, அங்கே அந்த இடத்தில் மட்டும் 1 வைத்து, கோட் ஐ.ஓ.ஆர். 1.47 கொடுங்கள். நல்லெண்ணெய்க்கு அது பொருந்தும்.

பள்ளங்களைக் கையால் வரைய வேண்டியதில்லை. ஜியாமெட்ரி நோடில் பாயிண்டினெஸ் என்று ஒன்று உண்டு, மேடு எது பள்ளம் எது என்று சொல்லும், சைக்கிள்ஸில் மட்டும் வேலை செய்யும். அதைக் கலர் ராம்ப் வழியாக இறுக்கி, களிம்பின் இடமாகக் கொடுக்கலாம். ஆனால் அப்படியே விட்டால் எல்லாப் பள்ளத்திலும் ஒரே அளவு களிம்பு இருக்கும். மேலே ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரைப் பெருக்கி அங்கங்கே கலைத்துவிடுங்கள். தேய்த்தவர் வலக்கைக்காரரா, எந்தப் பக்கம் சுவரோரம் இருந்தது என்றெல்லாம் யோசித்தால் இன்னும் நன்றாக வரும்.

டெக்ஸ்சர் படங்களைக் கோக்கும்போது இரண்டு இடத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். முதலாவது கலர் ஸ்பேஸ். பேஸ் கலர் படம் எஸ்.ஆர்.ஜி.பி.யில் இருக்கட்டும். ரஃப்னெஸ், மெட்டாலிக், நார்மல் மூன்றும் நான்-கலர் என்று மாற்றியாக வேண்டும், ஏனென்றால் அவை நிறம் அல்ல, அளவு. மாற்றாவிட்டால் எஞ்சின் 0.5 என்ற ரஃப்னெஸை 0.21 என்று படித்துவிடும். மங்கலாக இருக்க வேண்டிய சுவர் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். ஒரு கடையின் அவசர வேலைக்கு இந்தத் தவறோடு ஆறு படம் அனுப்பி, ஆறும் திரும்பி வந்தன. இரண்டு ராத்திரி தேடித்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து படத்தைக் கோத்த உடனே முதலில் இதைத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது நார்மல் மேப், அதாவது மேற்பரப்பில் மேடு பள்ளம் இருப்பது போலக் காட்டும் படம். பீடத்தில் புடைப்பாக இருக்க வேண்டிய கொடி வேலைப்பாடு குழிந்து தெரிந்தால், அந்தப் படம் டைரக்ட்-எக்ஸ் முறையில் செய்தது. பிளெண்டர் ஓபன்-ஜி.எல். முறையை எதிர்பார்க்கும். பச்சை சேனலை மட்டும் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். தரவிறக்கும்போதே ஓபன்-ஜி.எல். என்று எழுதியதை எடுத்தால் இந்த வேலை மிச்சம்.

படத்தில் மணல் தூவினது போல

ரெண்டர் பொரிப் பொரியாக வருவதைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். கதிர்களைக் குத்துமதிப்பாக அனுப்பிச் சராசரி எடுப்பதால் வரும் குணம் அது. சாம்பிள் எண்ணிக்கையை, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையை, நான்கு மடங்காக்கினால்தான் பொரி பாதியாகும். 128-இல் இருப்பதைப் பாதியாக்க 512, அதையும் பாதியாக்க 2048. அதனால் நேரம் எகிறும். பழகும்போது 128-இல் வைத்து, பொரியை வழித்தெடுக்கும் டினாய்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள், பழைய லேப்டாப்பிலும் ஓடும். கடைசிப் படத்துக்கு மட்டும் 1000-க்கு மேல் போங்கள். டினாய்ஸ் மெல்லிய கடைசல் கோடுகளை வழித்துவிடும், குறைந்த சாம்பிளில் அதை நம்பிக் கடைசிப் படம் எடுக்காதீர்கள். நான் நீள ரெண்டரைப் படுக்கப் போகும்போது ஓடவிடுகிறேன்.

ஒரு வெற்றிலை

உலோகத்தை மட்டும் பழகினால் பாதிப் பாடம்தான். அடுத்ததாகக் கும்பகோணம் வெற்றிலை ஒன்றைச் செய்யுங்கள். மெட்டாலிக் 0. மேற்புறம் வழவழப்பு, ரஃப்னெஸ் 0.35 அளவில். பின்புறம் மங்கல், 0.6. ஜியாமெட்ரி நோடின் பேக்ஃபேசிங்கை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். தரையில் கிடக்கும்போது அது கரும்பச்சை. அதையே வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இளமஞ்சள் பச்சையாக எரியும், நரம்புகள் கோடு கோடாகத் தெரியும். ஒளி மெல்லிய இலைக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. டிரான்ஸ்லூசன்ட் பி.எஸ்.டி.எஃப். ஒன்றைப் பிரின்சிபிள்டோடு மிக்ஸ் ஷேடரில் கலந்து, அதற்கு மட்டும் மஞ்சள் கூடிய பச்சையைக் கொடுங்கள். பாதிக்குப் பாதி கலந்து தொடங்கி, கையில் உள்ள இலையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வெற்றிலையைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துப் பாருங்கள். தாம்பாளத்தில் பச்சை விழும், இலையின் அடியில் பித்தளையின் மஞ்சள் ஏறும். நாம் ஒன்றுக்கும் சொல்லாமலே இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

வாசலையும் செய்ய நினைத்தால் ஒரு குறிப்பு. காலையில் தண்ணீர் தெளித்த மண்வாசல் காய்ந்த மண்ணை விடக் கருமையாகவும் மினுமினுப்பாகவும் இருக்கும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பி, புகுந்த ஒளி எளிதில் வெளியேறாமல் உள்ளேயே அலைந்து தீர்ந்துபோகிறது, அதனால் கருமை. மேலே தண்ணீர் சமமாகப் படர்வதால் மினுமினுப்பு. ஈரமான இடத்தில் பேஸ் கலரைப் பாதியளவுக்கு இறக்கி, ரஃப்னெஸையும் 0.9-இலிருந்து 0.3-க்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஈரம் வராது. கோலமாவு 0.8 வெண்மை, ரஃப்னெஸ் 1.

திரியை ஏற்றுவது

எல்லாம் சரியானபின் விளக்கை ஏற்றிப் பாருங்கள். வெளி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். சுடரைச் சின்ன வடிவமாகச் செய்து, தானே ஒளிரும்படி எமிஷன் கொடுத்து, நிறத்துக்கு பிளாக்பாடி நோடில் 1900 கெல்வின் வையுங்கள். சுடருக்குள் ஒரு பாயிண்ட் லைட், ஆரம் 1 சென்டிமீட்டர், அதற்கும் அதே 1900. சுடரின் வடிவமே அந்த லைட்டை மறைத்துவிடாமல் இருக்க, அதன் ரே விசிபிலிட்டியில் ஷேடோவை எடுத்துவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே தெறித்தால், லைட் பாத்ஸில் இன்டைரக்ட் கிளாம்ப் 10 என்று இருப்பதை 3-க்கு இறக்குங்கள். வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஏஜிஎக்ஸ் என்று இருக்கட்டும், சுடரின் நடு வெள்ளையாகவும் ஓரம் ஆரஞ்சாகவும் இதமாக இறங்கும்.

ஐந்து முகத்தையும் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். முதலில் ஒரு முகம். தண்டின் வளையம் ஒவ்வொன்றிலும் அந்தச் சுடர் ஒரு முறை தெரிகிறதா என்று மேலிருந்து கீழ்வரை எண்ணிப் பாருங்கள். ஏதாவது ஒரு வளையத்தில் தெரியவில்லை என்றால் அங்கே பெவெல் விட்டுப்போயிருக்கும்.